செம்மண் முனையில் ஒரு வெடிப்பு

அந்த முனைக்கு ஒரு பெயர் உண்டு. அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த சனிக்கிழமையே ஹைதராபாத் கச்சிபௌலியிலிருந்து நாலு கார் கிளம்பிவிடும். ஆந்திரக் கடற்கரையின் வடக்குப் பக்கம் என்பது போதும். செகந்திராபாத்தில் மாலை ரயில் ஏறினால் மறுநாள் காலை இறங்கலாம். அப்புறம் ஜீப், அதற்கும் அப்புறம் மணலில் நடை.

நான் நிலவியல் படித்தவள். உப்பலில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. கடற்கரையில் நிலம் எங்கே வளர்கிறது, எங்கே கரைகிறது என்று பார்த்து வரைபடத்தில் ஏற்றுவது எங்கள் பிரிவின் பணி. அப்படித்தான் ஒரு வருடம் ஆவணி மாதத்தில் அந்த முனைக்குப் போனேன்.

காற்று என்றால் அப்படி ஒரு காற்று. பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமென்றாலும் காதருகே போய்க் கத்த வேண்டும். தாழம்புதர்கள் எல்லாம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து கிடந்தன. நிமிர்ந்து நின்ற ஒரே பொருள், பழைய காலத்தில் கப்பல்களுக்குக் கொடி காட்டிய கல் கோபுரம். அதன் உச்சியில் கடல் கழுகு ஒன்று சுள்ளிகளை அடுக்கிக்கொண்டிருந்தது. முனை முழுக்கச் செம்மண். கடல் வெகுதூரம் பின்வாங்கியிருந்த காலத்தில் காற்று அள்ளிக்கொண்டு வந்து குவித்த மணல் அது. கையால் தேய்த்தால் உதிரும். அந்த மண் சுவராகச் செங்குத்தாக நிற்க, கீழே கரும்பாறையில் அலை அடித்துக்கொண்டிருந்தது.

விளிம்பிலிருந்து சில எட்டுத் தள்ளி ஒரு கல். கோயில் என்று சுவரோ கூரையோ கிடையாது. சுண்ணாம்பு அடித்து, மஞ்சளும் குங்குமமும் அப்பிய ஆளுயரக் கல். சுற்றிலும் உடைந்த துடுப்புகளும் சுக்கான்களும் மண்ணில் நட்டிருந்தன. கடலிலிருந்து திரும்புகிறவர்கள் கரையில் முதலில் பார்ப்பது அந்த வெள்ளையைத்தான். அதை வைத்துத்தான் படகைத் திருப்புவார்களாம்.

கல்லுக்குப் பூசை செய்கிறவர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். புருஷனைக் கடலில் இழந்தவர். ஊரில் எல்லாரும் பூசாரியம்மா என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். கார்த்திகைப் பௌர்ணமிக்கு மறுநாள் விடியற்காலையில் ஊர்ப் பெண்கள் எல்லாரும் அந்த விளிம்பில் வரிசையாக நின்று பாடுவார்கள் என்று அவர்தான் சொன்னார். பாட்டு என்றால் வேறொன்றுமில்லை, கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள். யாருடைய தாத்தா என்றே இப்போது தெரியாத பழைய பெயரில் தொடங்கி, கடைசியாகப் போன அவருடைய புருஷன் வரைக்கும். ஒரு பெயரையும் விடக் கூடாது. எழுதி வைத்துப் படிக்கவும் கூடாது.

"காத்து கடல்லேர்ந்து இந்தப் பக்கமா அடிக்குதே, உங்க குரல் அங்க போகுமா?" என்று தெலுங்கில் கேட்டேன்.

"அதான் மேடம் விளிம்பு வரைக்கும் போறோம்" என்றார்.

அன்று சாயங்காலம்தான் வெடிப்பைப் பார்த்தேன். கல்லுக்குப் பின்னால், ஊர்ப் பக்கமாக, இராவணன் மீசைப் புல் அடர்த்தியாகப் படர்ந்திருந்தது. அதை விலக்கியபோது மண்ணில் ஒரு கோடு. விரலை விட்டேன். உள்ளே இருந்து குளிர்ந்த காற்று வந்தது. கோட்டோடு ஊர்ந்துகொண்டே போனால் அது கல்லைச் சுற்றி வளைந்து இரண்டு பக்கமும் விளிம்பைத் தொட்டது. பெண்கள் வரிசையாக நிற்கும் இடம் முழுவதும் அதற்கு அந்தப் பக்கம்.

ஊர்த் தலைவரிடம் சொன்னேன். கரகரத்த குரலுடைய பெரிய மனிதர். பொறுமையாகக் கேட்டார்.

"இதுக்கு முன்னாடியும் ஒருத்தர் வந்தார் மேடம். அபாயம், யாரும் வராதீங்கன்னு போர்டு நட்டார். போர்டுக்குப் பின்னாலேயே காம்பவுண்டு கல் வந்து இறங்கிச்சு. ஓட்டல் கட்டப் போறாங்களாம். நாங்க எல்லாரும் சேர்ந்து போர்டைப் பிடுங்கிக் கடல்ல போட்டோம்" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க யார் அனுப்பி வந்தீங்க?" என்று கேட்டார்.

அதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது, ஆனால் அவர் நம்பும்படியான பதில் இல்லை. அகலம் கூடுகிறதா என்று தெரிய வெடிப்பின் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி அடித்துவிட்டு, அவ்வப்போது படம் எடுத்து அனுப்பும்படி பூசாரியம்மாவின் மருமகளிடம் கேட்டுக்கொண்டு, ஹைதராபாத் திரும்பினேன்.

படங்கள் வந்தன. ஆபீஸ் கேண்டீனில், உப்பல் மெட்ரோவில், சமையலறையில் குக்கர் விசிலுக்கு நடுவில், எங்கே இருந்தாலும் போன் சத்தம் கேட்டால் கை வேலையை விட்டுவிட்டு எடுத்துப் பார்ப்பேன். விரல் நுழைந்த இடத்தில் புரட்டாசியில் உள்ளங்கை நுழைந்தது. ஐப்பசிப் படத்தில் மருமகள் ஒரு துடுப்பை உள்ளே விட்டுக் காட்டினாள். பாதித் துடுப்பு உள்ளே போயிருந்தது.

என் மேலதிகாரியின் மேஜையில் படங்களைப் பரப்பினேன். அவர் கெட்டவர் இல்லை. "விழும்ங்கிறீங்க, சரி. எப்போ?" என்றார்.

"நாளைக்கும் விழலாம். அடுத்த வருஷமும் விழலாம்."

"இதை எழுத்துல கொடுத்தா மாவட்டத்துல முனைக்கே தடை போடுவாங்க. விழலைன்னா நம்மளைக் கேப்பாங்க. யோசிச்சுச் செய்யுங்க."

யோசித்துத்தான் எழுதினேன். முனை முழுவதையும் மூடச் சொல்லவில்லை; வெடிப்புக்கு அந்தப் பக்கம் கூட்டம் நிற்க வேண்டாம் என்று மட்டும் எழுதினேன். மாவட்டத்திலிருந்து பதில் வரவில்லை. தடை வராததில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்து இன்னும் அதிகப் பயம். தடை வந்திருந்தால் ஓட்டல்காரருக்கு வழி திறந்துவிட்டிருப்பேன். வராவிட்டால் ஊர்ப் பெண்கள் அந்த மண் நாக்கின் மேல் போய் நிற்பார்கள்.

நேரில் போய் மறுபடி பேசுவது என்று முடிவு செய்து, பௌர்ணமிக்கு முந்தின நாள் கிளம்பினேன். வங்கக் கடலில் காற்றழுத்தம் என்று செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டேஷனுக்கு ஆட்டோ ஓட்டியவர் கண்ணாடி வழியாகப் பார்த்து, "இத்தீ பாரிஷ் மே கைக்கு ஜாரே மேடம்?" என்று, இந்த மழையில் எதற்குப் போகிறேன் என்று கேட்டார். செகந்திராபாத் ஸ்டேஷனில் அதே கேள்வியைப் பலகை கேட்டது. கடற்கரைப் பக்கம் போகும் ரயில்கள் எல்லாம் ரத்து. பஸ்ஸும் பாதி வழி வரைக்கும்தான். பையைத் தூக்கிக்கொண்டு மெட்ரோ பிடித்து வீடு திரும்பினேன்.

அமீர்பேட்டில் கோச்சிங் முடித்து வந்திருந்த மகள் கதவைத் திறந்தாள். "ட்ரெயின் கேன்சலா? மரி இப்புடு ஏம் சேஸ்தாவ் அம்மா?" என்றாள். என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் முழுக்க முனையில் மழை. மதியம் ஒரு படம் வந்தது. மேலே ஓடி வந்த தண்ணீர் வெடிப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. செம்மண்ணில் தண்ணீர் அப்படி இறங்கினால் என்ன ஆகும் என்று பாடப் புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். நான் பூசாரியம்மாவுக்கு மூன்றாவது முறையாகப் போன் செய்து கெஞ்சினேன். அவர் மூன்றாவது முறையாக அதையே சொன்னார்: "போகாம இருக்க முடியாது மேடம்."

என் கணவர் சோபாவில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒரு பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் இருப்பவர். வேலையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேச மாட்டார். மற்றவர் வேலையைப் பற்றியும் அப்படித்தான். அன்று பேசினார். திருநெல்வேலிப் பேச்சு அவரிடம் இன்னும் அப்படியே இருக்கிறது.

"நீ வராதீங்க, போகாதீங்கன்னே சொல்லுதே. அந்த போர்டு வச்சவனும் அதத்தான சொன்னான்? எங்க நின்னா பரவாயில்லன்னு சொல்லிப் பாரு."

மறுபடி போன் செய்தேன். இந்த முறை தலைவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். வெடிப்புக்குப் பின்னால் இருக்கும் கோபுரத்தின் அடிக்கும் அதன் இருபுறமும் உள்ள தாழம்புதருக்கும் நேராக ஒரு கயிறு கட்டுங்கள், எல்லாரும் கயிற்றுக்கு ஊர்ப் பக்கமாக நின்று பாடுங்கள், கல்லை யாரும் தொட வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும் என்றேன்.

"கல்லுக்கு விளக்கு யார் வைக்கிறது?" என்றார் பூசாரியம்மா.

"இந்த ஒரு வருஷம்..."

"நான் மட்டும் போறேன்."

"நீங்களும் போகக் கூடாது. மண்ணோட சேர்ந்து போயிடுவீங்க."

"போனா என் பேரையும் பாட்டுல சேத்துக்குவாங்க. அவர் பேருக்கு அடுத்து வரும்." இதை அவர் சவடாலாகச் சொல்லவில்லை. நாளைக்குச் சமையல் என்ன என்று சொல்வது போலச் சொன்னார்.

தலைவர்தான் போனை வாங்கினார். "மேடம், வலை இழுக்கிற வடக்கயிறு இருக்கு. பத்துப் பேர் பிடிச்சா படகையே இழுக்கும். இவளை இடுப்புல கட்டி அனுப்பறோம். மத்தவங்க உங்க கயித்துக்கு இந்தப் பக்கம். இதுக்கு மேல கேக்காதீங்க" என்றார். அவர் "உங்க கயிறு" என்று சொன்னதை நான் அப்போது கவனித்தேன்.

சரி என்றேன். சரி என்று சொல்ல எனக்கு என்ன உரிமை என்று அதன் பிறகு தூக்கமே வரவில்லை.

விடியும்போது மருமகள் வீடியோ காலில் வந்தாள். நாங்கள் மூன்று பேரும் டைனிங் டேபிளில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தோம். மழை விட்டிருந்தது. பெண்கள் கயிற்றுக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்றார்கள். எனக்கு முகம் தெரியாத யாரோ ஒரு கிழவி கயிற்றைக் காட்டி ஏதோ திட்டிக்கொண்டிருந்தார்; அனேகமாக என்னைத்தான். பூசாரியம்மாவின் இடுப்பில் வடக்கயிறு. விளக்கை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு புல்லுக்குள் நடந்தார். வெடிப்புக்கு முன்னால் நின்றார். தாண்டினார்.

என் மகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் கல்லின் காலடியில் உட்கார்ந்து விளக்கைப் பொருத்தப் பார்த்தார். காற்று அணைத்தது. திரும்பவும் பொருத்தினார். பின்னாலிருந்து ஆண்கள் கத்துவது கேட்டது, என்னவென்று புரியவில்லை. பிறகு எழுந்து கடலைப் பார்த்து நின்று முதல் பெயரைப் பாடினார். கயிற்றுக்குப் பின்னாலிருந்து மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். மூன்றாவதோ நான்காவதோ பெயரில் திரை உறைந்துவிட்டது. கல், அவருடைய முதுகு, இழுபட்ட கயிறு. அவ்வளவுதான்.

திரும்பக் கூப்பிட்டோம். எடுக்கவில்லை. கணவர் அவருடைய போனில் முயன்றார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று தெலுங்கில் ஒரு பெண் குரல். மகள், "ஏம் காதுலே அம்மா, ஏம் காது", ஒன்றும் ஆகாது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பால்காரர் மணி அடித்ததற்கு யாரும் எழவில்லை. நான் அந்த உறைந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணை எடுத்தால் கல் விழுந்துவிடும் என்பது போல.

வெயில் பால்கனிக்கு வந்த பிறகு போன் அடித்தது. தலைவர்.

"எல்லாம் முடிஞ்சுது மேடம். பிரசாதம் சாப்பிட்டுக்கிட்டிருக்கோம். உங்க மண்ணு நல்லாத்தான் நிக்குது" என்று சொல்லிச் சிரித்தார். பின்னால் இன்னும் பலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அடுத்த சில வாரங்கள் அலுவலகத்தில் "முனை என்ன சொல்லுது?" என்பது ஒரு கேலியாகவே ஆகிவிட்டது. மேலதிகாரி கேலி செய்யவில்லை, கேட்கவும் இல்லை. நான் தப்பாகக் கணித்துவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஒரு ஊரின் சடங்கில், பார்க்கப் போனவள், மூக்கை நுழைத்துக் குலைத்துவிட்டேனோ?

மார்கழியில் ஒரு பகல். மழை இல்லை, பெரிய காற்றுகூட இல்லை. படகுகள் கடலில் இருந்தபோது முனையின் முன்பகுதி கல்லோடு சரிந்து விழுந்தது. மேலே ஆள் யாரும் இல்லை. திரும்பி வந்த படகுகள் வெள்ளைக் கல்லைத் தேடித் திணறி, கோபுரத்தைப் பார்த்துக் கரை சேர்ந்தன. பூசாரியம்மா போன் செய்தார். "கயிறு கட்டியிருந்த இடம் அப்படியே இருக்கு மேடம்" என்றார்.

விழுந்த பிறகு மாவட்டத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். முனை முழுவதற்கும் வேலி என்று பேச்சு எழுந்தது. தலைவர் என்னை வரச் சொன்னார். லீவு போட்டுவிட்டுப் போனேன். ஊருக்கு நடுவில் பாய் விரித்து இரண்டு தரப்பும் உட்கார்ந்திருக்க, எனக்கு ஊர்க்காரர்கள் பக்கம் இடம் ஒதுக்கியிருந்தார்கள். விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் போதும், ஏன் முழுவதும் மூட வேண்டியதில்லை என்று நான் சொன்னேன். முனையை ஒட்டிய மணல் கரையில் பங்குனி ஆமை என்ற கடலாமைகள் முட்டையிட ஏறும் காலம் நெருங்குகிறது, அங்கே இயந்திரமும் கம்பி வேலியும் வந்தால் அவை ஏற மாட்டா என்று ஊர்ப் பெண்கள் சொன்னார்கள். வாக்குவாதம் சாயங்காலம் வரை போனது. கடைசியில் வேலியைக் கைவிட்டார்கள். தாழ்வான மரக் குற்றிகள் நட்டு அவற்றின் குறுக்கே கயிறு கட்டுவது, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஊரே அதைப் பார்த்துப் பின்னால் நகர்த்துவது என்று முடிவானது.

மறுநாள் புதுக் கல்லுக்கு இடம் பார்த்தோம். நான் காட்டிய இடம் பூசாரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை, கடலிலிருந்து தெரியாது என்றார். அவர் காட்டிய இடத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. காற்றில் ஒருவர் காதில் ஒருவர் கத்திக் கத்தி இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிப் போனது. முடிவில் தலைவர் ஒரு படகைக் கடலுக்கு அனுப்பி, அங்கிருந்து எந்த இடம் வரைக்கும் தெரிகிறது என்று பார்த்துவரச் சொன்னார். நான் காட்டிய இடத்துக்குச் சற்று முன்னால், பூசாரியம்மா காட்டிய இடத்துக்கு நன்றாகப் பின்னால், ஒரு மேட்டில் கல்லை நட்டார்கள். பூசாரியம்மா சுண்ணாம்புக் கலயத்தை என் கையில் கொடுத்து, அடி என்றார்.