தாத்தா அடித்த புலி

அந்தச் சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் இருந்தவர்கள்: எங்கள் கல்லூரித் தமிழ் மன்றத்து மாணவர்கள் இருபத்திரண்டு பேர், சிலருடைய பெற்றோர், படம் எடுக்க ஒரு நண்பன், முன்வரிசையில் சட்டை மடிப்புக் கலையாமல் என் அப்பா, பக்கத்தில் அம்மா. வராதவர்கள் இரண்டு பேர். அக்காவுக்கு எட்டாவது மாதம். கிள்ளானிலிருந்து ரயிலில் வர முடியாது என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். ஈப்போவில் இருக்கும் அத்தையை, அப்பாவின் மூத்த அக்காவை, நாங்கள் கூப்பிடவே இல்லை.

ஆளுக்கு ஒரு பரம்பரைப் பொருள் கொண்டுவர வேண்டும். அதைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். பொருளைப் படம் பிடித்து, கதையை ஓர் அட்டையில் எழுதி, அன்றைக்கே மன்றத்தின் முகநூல் பக்கத்தில் ஏற்றிவிடுவோம். இந்த வட்டாரத்துத் தமிழர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? யோசனை என்னுடையது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அட்டைகள் அத்தனையையும் என் கையாலேயே எழுதினேன்.

யாழ்ப்பாணக் குடும்பத்துப் பையன் ஒருவன், அவன் பூட்டன் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தபோது ஊதிய விசிலைக் கொண்டுவந்தான். ஊதிக் காட்டச் சொன்னோம். வெறும் காற்றுதான் வந்தது. பூச்சோங்கிலிருந்து வந்த பெண், தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு, பேர் கூப்பிட்டு ஆள் எண்ணுவதற்கு, அடித்த தண்டவாளத் துண்டைக் கொண்டுவந்தாள். அதை மேசையில் ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது.

நான் கொண்டுபோனது புலி நகம். இரண்டு நகங்கள், முதுகோடு முதுகு சேர்த்து, நடுவில் பொன் பூண் போட்டது. மேரு பக்கத்து ரப்பர் தோட்டத்தில் தாத்தா பால் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், மாட்டுக் கொட்டகைக்கு வந்த புலியைக் கம்பியால் அடித்துக் கொன்றார், அதன் நகம்தான் இது என்பது எங்கள் வீட்டு வரலாறு. குழந்தை பிறந்த முப்பதாம் நாள் அதைக் கழுத்தில் கட்டுவோம். அப்பா கட்டியிருந்தார். அக்காவும் நானும் கட்டியிருந்தோம். அடுத்தது அக்காவின் குழந்தை.

நான் பேசி முடித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். அப்பா எழுந்து நின்று, தன்னைத்தான் பாராட்டுகிறார்கள் என்பதுபோல் சுற்றிலும் பார்த்துக் கும்பிட்டார்.

தேநீர் நேரத்தில் சட்டம் படிக்கும் பங்சார் பெண் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, இது ஒரிஜினலா?"

"பின்னே? எங்க தாத்தா அடிச்சதுலா."

"அதான் பயமா இருக்கு. புலி இங்க முழுசா பாதுகாக்கப்பட்ட மிருகம். நகம், பல்லு, தோலு எது வச்சிருந்தாலும் பெர்மிட் வேணும்."

"இது பழசு. தாத்தா காலத்துது."

"பழசா புதுசான்னு பார்த்தா பிடிப்பாங்க? ஜெயில் இருக்குண்ணே, சும்மா சமனுக்குக் காசு கட்டிட்டுப் போற கேஸ் இல்ல. நீங்க மைக்குல பேரு சொல்லி, ஊரு சொல்லி, படமும் போட்டுட்டீங்க."

தேநீர்க் குவளையை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. பக்கத்தைத் திறந்து படத்தை நீக்கினேன். அதற்குள் பதினேழு பேர் பகிர்ந்திருந்தார்கள். கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, கைப்பேசியில் அந்தச் சட்டத்தைப் படித்தேன். அபராதத் தொகையில் எத்தனை பூஜ்ஜியம் என்று விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். தவறாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடியும் எண்ணினேன். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்து, கை தட்டியவர்களை நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தார். அவர் பையில் இருந்தது அந்த நகம்.

வீட்டுக்கு வந்துதான் சொன்னேன். அம்மா ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினார்.

"எங்கப்பன் புலிய அடிச்சப்ப எவன் வந்து சட்டம் பேசினான்?" என்றார் அப்பா. "அன்னிக்குத் தோட்டமே மாலை போட்டுச்சு."

"மாலையா? இப்ப விலங்கு போடுவாங்க," என்றார் அம்மா. "புள்ளைக்குப் படிப்பு முடியல. ஒரு கேஸ் வந்தா எவன் வேலை குடுப்பான்? தூக்கி ஆத்துல போடுங்க."

"அப்ப என் புள்ளைக்கு?" அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "எல்லாரும் கட்டிக்கிட்டீங்க. என் புள்ள மட்டும் மொட்டைக் கழுத்தா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் மின்சாரக் கட்டணம் முதல் மருத்துவமனைப் படிவம் வரை எந்தக் கடிதம் வந்தாலும் இப்படித்தான் பார்ப்பார்கள்.

ஆற்றில் எறிவது தப்பு என்றேன். திங்கட்கிழமை நகங்களை நானே கொண்டுபோய் அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிடுகிறேன். அதற்கு முன் பூணைக் கழற்றி விற்றுவிட வேண்டும். அது நகத்தின் வடிவத்துக்கே அடித்தது, வீட்டில் இருந்தால் அதுவும் சாட்சிதான். இதை எந்தச் சட்டத்தில் படித்தேன் என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குத் தெரியாது. அன்று அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்.

"படிச்சவன் சொல்றான். கேளுங்க," என்றார் அம்மா. அப்பா நகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

ஞாயிறு காலை கிள்ளானில் ஒரு நகைக்கடைக்குப் போனோம். கடைக்காரர் அப்பாவுக்குப் பழக்கம். பட்டறையில் இருந்த பத்தர் தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். பொருளைக் கண்டதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நகத்த நான் தொடமாட்டேன் தம்பி. மாட்டினா என்னை ஊருக்கே ஏத்தி விட்டுருவாங்க. நீங்க புடிச்சிக்குங்க, நான் பூண மட்டும் வெட்டுறேன்."

அப்பா பிடித்துக்கொண்டார். கத்தரி பொன்னில் இறங்கியபோது அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கடைக்காரர் தங்கத்தை நிறுத்து, பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, துண்டுகளை உள்ளே அனுப்பினார். நான் நகங்களைக் காகிதத்தில் சுற்றப் போனேன். கையை இழுத்துக்கொண்ட அதே பத்தர் எட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் இருங்க. அடிப்பக்கத்தைக் காட்டுங்க." காட்டினேன். விளக்கை அருகில் இழுத்தார். "இது நகமில்லீங்களே."

"என்னப்பா சொல்ற?" என்றார் அப்பா.

"நகம்னா உள்ள எலும்பு இருந்த குழி இருக்கும். இது கெட்டியா இருக்கு. இதோ அரம் போட்ட கோடு. கொம்புங்க இது. மாட்டுக் கொம்பு."

"நீ புலியைப் பாத்திருக்கியா?"

"புலியப் பாத்ததில்லீங்க. மாட்டைப் பாத்திருக்கேன்."

கடைக்காரர் சிரிக்க வாய் திறந்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் அந்த இரண்டு துண்டுகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இருபது வருடம் என் வீட்டில் இருந்த பொருள். அதற்கு அட்டை எழுதினேன், அதற்காகச் சட்டம் படித்தேன், ஒரு தடவைகூட அதன் அடிப்பக்கத்தைப் பார்க்கவில்லை.

அப்பா கடை வாசலுக்கு வந்து அத்தைக்குப் போன் போட்டார். பிறகு போனை என்னிடமே கொடுத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னார். நடந்ததையெல்லாம் நான்தான் சொன்னேன். முடிவதற்குள் அத்தை சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"புலியா? உங்க தாத்தா பூனைய வெரட்டினா அதிசயம்டா. அது தைப்பூசத்துக்கு பத்துமலையில வாங்கினது. நான்தான் கூடப் போனேன்."

"அக்கா, வெளையாடாத," என்றார் அப்பா.

"நெசமாத்தான் தம்பி. நீ பொறந்து பால் குடிக்கல, தூங்கல, பொழைக்க மாட்டன்னு எல்லாரும் கைய விரிச்சிட்டாங்க. புலி நகம் கட்டினா உசுரு நிக்கும்னு எவனோ சொன்னான். நெச நகத்துக்கு அப்பா எங்க போவாரு? கொம்புல செஞ்சத வாங்கினாரு. நீ பெருசாகி இது என்னன்னு கேட்டப்ப, நான் அடிச்ச புலின்னு சும்மா சொன்னாரு. நீ அதையே புடிச்சிக்கிட்ட."

"இத்தனை வருசமா ஏன் சொல்லல?"

"யாரு கேட்டீங்க? நீ சந்தோசமா சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச. நான் ஏன் கெடுக்கணும்? கொம்பு போனா போவுது. பூணைப் பத்திரமா வச்சிக்க. அது மட்டும்தான் நெசம். அம்மாவோட கல்யாணத் தோட்டை உருக்கிப் போட்டது. அம்மாகிட்ட இருந்த தங்கமே அவ்வளவுதான்."

நான் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன், ஸ்பீக்கரில் இருக்கிறது என்பதை மறந்து. அப்பா என்னைப் பார்க்கவில்லை. திரும்பிக் கடைக்குள் ஓடினார். மேருவில் லோரி ஓட்டி முட்டி தேய்ந்துபோன மனிதர். அவர் ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"பாஸ், அந்தத் தங்கம், அந்தத் தங்கத்த குடுங்க."

கடைக்காரர் உள்ளே போய்விட்டு வந்தார். "காலையில வந்த பழசோட சேத்து உருக்கிட்டோமே, அண்ணே. இப்ப எது உங்களுதுன்னு நான் எப்படிச் சொல்வேன்?"

பட்டறைக்குள் நானும் போய்ப் பார்த்தேன். விரல் நீளத்துக்கு ஒரு தங்கக் கட்டி, இன்னும் சூடாக இருந்தது. அதில் யார் யாருடைய நகையோ இருந்தது. பாட்டியின் தோடும் இருந்தது. காதில் போட்டிருந்த கல்யாணத் தோட்டை நோயாளிப் பிள்ளைக்காகக் கழற்றிக் கொடுத்த ஒரு பெண்ணைப் பற்றி, வரலாற்றைக் காப்பாற்றக் கிளம்பிய நான் மேடையில் ஒரு சொல்கூடப் பேசியிருக்கவில்லை. எனக்குத் தெரியாது. தெரிந்திருந்த ஒரே ஆளை நான் கேட்கவில்லை. காப்பாற்ற வேண்டியது எதுவோ அதை உருக்கச் சொன்னவனும் நான்தான்.

"அப்பா," என்றேன்.

"வாயத் தொறக்காத," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வெகுநேரம் கழித்து, அந்தக் கட்டியிலிருந்தே அதே எடைக்கு வெட்டித் தரும்படி அப்பா கேட்டார். அதில் ஒரு பொட்டாவது அம்மாவுடையதாக இருக்கும் என்றார். கடைக்காரர் மறுப்புச் சொல்லவில்லை. விற்ற தங்கத்தை அன்றைய விற்பனை விலையில் திரும்ப வாங்கினோம். பத்தர் அதே கொம்புகளுக்குப் புதிதாகப் பூண் போட்டார். மன்றத்து அட்டையை நான் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். அத்தை போனில் சொல்லச் சொல்ல, இந்தத் தடவை பாட்டியின் தோட்டைப் பற்றி. அக்காவின் மகளுக்கு முப்பதாம் நாள் அத்தைதான் ஈப்போவிலிருந்து வந்து அதைக் கட்டினார்.

விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் இருந்த வித்தியாசம், செய்கூலி, சேதாரம் எல்லாம் சேர்த்து, அப்பா கொடுத்தது அறுநூற்றுப் பன்னிரண்டு ரிங்கிட்.