கூமாப்பட்டியின் இரண்டு விமான டிக்கெட்டுகள்

அந்த விமானக் கம்பெனி பறப்பதை நிறுத்திவிட்டது என்ற செய்தி என் போனில் வந்தபோது, கடைக்கார அக்கா ஜெராக்ஸ் மெஷினுக்குள் சிக்கிய காகிதத்தை உருவிக்கொண்டிருந்தார். நான் சத்தமாக வாசித்தேன். மூன்று நாளைக்கு எல்லா விமானங்களும் ரத்து என்று போட்டிருந்தது.

"மூணு நாள்தான? பொறவு ஓட்டுவாம்ல?" என்றார் அக்கா.

ஓட்டவில்லை. மூன்று நாள் ஒரு வாரமானது, ஒரு வாரம் மாதக்கணக்கானது, கடைசியில் அந்தக் கம்பெனியே இல்லை என்றானது. இதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? ஆனாலும் நான் முதல் நிமிஷத்திலேயே தேதியைத்தான் பார்த்தேன். வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து அகமதாபாத் போகும் அந்தக் கம்பெனி விமானத்தில் கூமாப்பட்டிக்காரருக்கும் அவர் மனைவிக்கும் டிக்கெட் போட்டுக் கொடுத்தவள் நான். இன்னொன்றும் உண்டு. அந்த டிக்கெட்டை நான் எப்படிப் போட்டேன் என்பது அக்காவுக்குத் தெரியாது.

கடை ஸ்ரீவில்லிபுத்தூரில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துவிடுகிற தூரத்தில் இருந்தது. பஸ், ரயில், விமானம், பான் கார்டு, ஜெராக்ஸ், எல்லாம் உண்டு. நான் ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோனேன். எம்.காம். முடித்து, பேங்க் பரீட்சையை இரண்டு தடவை எழுதி, மூன்றாவதுக்கு நடுவில் வீட்டில் சும்மா இருக்க மாட்டாமல் பிடித்த வேலை. எனக்குக் கை துருதுருவென்று இருக்கும். ஒருவர் ஊர்ப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நான் நாலு கம்பெனி விலையைச் சொல்லிவிடுவேன். அதில் ஒரு பெருமை.

கூமாப்பட்டிக்காரருக்கு நெல்லும் கொஞ்சம் தென்னையும். ஒரே மகள். மருமகன் ராணுவத்தில், அகமதாபாத்தில் குவார்ட்டர்ஸ். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் நடக்கும், அதில் பேச்சே கிடையாது. ஆனால் ஏழாம் மாதமே டாக்டர் அந்தப் பெண்ணிடம் பிரயாணம் கூடாது, படுக்கையில்தான் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். மகள் வர முடியாது என்றதும் அவள் அம்மா, தானே போவது என்று முடிவெடுத்தார். அறுப்பு முடியும் வரைக்கும் இவர் நகர முடியாது, இவர் இல்லாமல் அந்த அம்மா தனியாகப் போகவும் மாட்டார். அறுப்புக்கும் பிரசவத் தேதிக்கும் நடுவில் இருந்ததோ பத்தே நாள். அதனால்தான் விமானம்.

அந்த அம்மாவுக்கு விமானத்தைவிட மூட்டைதான் கவலை. டிக்கெட் போட்ட பிறகு மூன்று தடவை கடைக்கு வந்தார்.

"ஏத்தா, நல்லெண்ணெய் விடுவானா?"

"பெரிய பையில போடுங்கம்மா, கையில கொண்டுபோகக் கூடாது."

"வசம்பு?"

வசம்பை நான் நெட்டில் தேடினேன். விமானத்தில் வசம்பு கொண்டுபோகலாமா என்று உலகத்தில் யாரும் அதுவரை கேட்டதில்லை போல. "விடுவாங்கம்மா" என்று நானே சொன்னேன்.

"கொப்பர?"

"கொப்பரை கூடவே கூடாதும்மா. தீப்பிடிக்குமாம்."

"தேங்கா தீப்பிடிக்குமா? யாரு சொன்னா?" என்று சிரித்துவிட்டு, பக்கத்து அரிசிக்கடைத் தராசில் பையைத் தூக்கி வைத்தார். ஆளுக்குப் பதினைந்து கிலோ. பூண்டில் பாதி, கருப்பட்டியில் பாதி, பழைய வேட்டித் துணியில் ஒரு கட்டு என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். எடுக்கும்போதெல்லாம் பெற்ற மகளையே அங்கே இறக்கிவைப்பது மாதிரி முகம் போனது.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். கடையில் விமான டிக்கெட் எல்லாம் வாலட் வழியாகத்தான் போடவேண்டும். அக்கா அந்தக் கம்பெனியிடம் முன்பணம் கட்டி வைத்திருப்பார். டிக்கெட் போடப் போட அதில் கழியும். எனக்கோ அந்த மாதம்தான் முதல் கிரெடிட் கார்டு வந்திருந்தது. செலவுக்கு வங்கி தரும் பரிசுப் பாயிண்ட், விமான டிக்கெட்டுக்கு இரட்டிப்பு. கூமாப்பட்டிக்காரர் ரொக்கமாகக் கொடுத்ததை வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டு, டிக்கெட்டை என் கார்டில் போட்டேன். பில் வந்ததும் அந்த ரொக்கத்தைக் கட்டிவிட்டேன். யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தேன்.

செய்தி வந்த கையோடு அக்கா வாலட்டைத் திறந்து, சிக்கிய டிக்கெட்டுகளை எண்ணினார். மூன்று. அவர் கண் மேலும் கீழும் ஓடியது.

"ஏட்டி, கூமாப்பட்டி டிக்கெட்ட எங்கட்டி காணோம்?"

சொன்னேன். முழுசாகச் சொன்னேன். அக்கா ஜெராக்ஸ் மையிருந்த விரலைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"பாயிண்டுக்கா?"

"ஆமாக்கா."

"அத வச்சு என்ன வாங்கலாம்?"

"இப்போதைக்கு... ஒரு தண்ணி பாட்டில்."

"தண்ணி பாட்டில்." அக்கா அதை மெதுவாகத் திருப்பிச் சொன்னார். அதைவிட ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம். "சரி, அத நாளைக்குத் திட்டுதேன். மொத அவியளுக்குப் போன் போடு. அந்த அம்மா பிரசவத்துக்குள்ள போய்ச் சேரணும்."

மறுநாள் காலையில் இருவரும் வந்துவிட்டார்கள். கூமாப்பட்டிக்காரர் டிக்கெட் காகிதத்தை மேஜைமேல் வைத்து, கையால் நீவினார்.

"இதுல எல்லாம் சரியாத்தான தாயி இருக்கு? எம் பேரு, அவ பேரு, தேதி?"

"எல்லாம் சரியா இருக்கு அண்ணாச்சி. கம்பெனிதான் இல்ல."

"பஸ்ஸு ரிப்பேருன்னா அடுத்த பஸ்ஸுல ஏத்தி விடுவாகல்ல?"

"இதுல ஏத்த மாட்டாங்க அண்ணாச்சி. பணத்தத் திருப்பித் தாரோம்னு மட்டும் போட்டிருக்காங்க."

"என்னைக்கு?"

அதை மட்டும் அவர்கள் போடவில்லை. மற்ற கம்பெனிகளின் விலையைப் பார்த்தேன். ஒரே ராத்திரியில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. ரயிலில் தட்கல்தான் வழி. மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு ராஜபாளையம் ஸ்டேஷனில் வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டே பேர். இரண்டு படுக்கை கிடைத்தது. சனிக்கிழமை சென்னையில் ஏறி ஞாயிறு சாயந்திரம் இறங்கவேண்டும். அந்த டிக்கெட்டுக்கு அக்கா பணம் வாங்கவில்லை. "இது கடை பண்ணுன தப்பு" என்றார். 'நீ பண்ணுன தப்பு' என்று சொல்லவில்லை.

அந்த அம்மாவிடம் ரயில் டிக்கெட்டைக் கொடுத்தபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "ரயிலுன்னா எட போட மாட்டாம்ல?"

போட மாட்டார்கள் என்றேன். உடனே ஆள் மாறிவிட்டார். அன்று சாயந்திரத்துக்குள், வெளியே எடுத்ததெல்லாம் திரும்ப உள்ளே போனது. பூண்டு, கருப்பட்டி, வேட்டித் துணி, உலகத்துக்கே ஆபத்தான அந்தக் கொப்பரை. ஆறு பைகள். "நீ கவலப்படாத தாயி. இதுவும் நல்லதுக்குத்தான்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் வீட்டில் தலைக்குக் குளித்துவிட்டு நின்றேன். போன் வந்தது. ரயில் சத்தத்துக்கு நடுவில் கூமாப்பட்டிக்காரர் கத்தினார்.

"பொம்பளப் பிள்ள தாயி! விடியக்காலைல! ரெண்டு பேரும் நல்லாருக்காகளாம்!"

டாக்டர் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே பிள்ளை வந்துவிட்டது. நானும் கத்தினேன். அவர் போனை மனைவியிடம் கொடுத்தார். "அவ கத்தும்போது நா பக்கத்துல இல்லையே தாயி" என்றார் அந்த அம்மா. விமானம் என்ற வார்த்தையைக்கூட எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமையே பறந்திருந்தால் பிள்ளை பிறப்பதற்கு முப்பது மணி நேரத்துக்கு மேல் முன்னாலேயே அங்கே இருந்திருப்பார். கணக்கு எனக்கு உடனே வந்துவிட்டது. வராமல் இருந்திருக்கலாம்.

அந்த மணி நேரத்தை யார் திருப்பித் தருவார்கள்? பணத்தையாவது விடக்கூடாது என்று எனக்கு வெறி வந்தது. டிக்கெட் எந்த வழியில் வாங்கப்பட்டதோ அந்த வழியிலேயே பணம் திரும்பும் என்று கம்பெனி அறிவித்திருந்தது. கொஞ்ச நாளில் கம்பெனி திவால் என்று விஷயம் தீர்ப்பாயத்துக்குப் போனது. பழைய பாக்கி எதையும் தனித்தனியாகக் கொடுக்கக்கூடாது என்று முடக்கிவிட்டார்கள். வாலட்டில் மாட்டிய மூன்று டிக்கெட்டுக்கும் அக்கா படிவம் நிரப்பி, கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் போய் நின்றார். அந்த வரிசையில் அவருக்கு முன்னால் பெரிய பெரிய வங்கிகள் நின்றன.

என் கார்டுக்கு மட்டும் வேறொரு சந்து இருந்தது. காசு வாங்கிக்கொண்டு சேவையைத் தரவில்லை என்று கார்டு கொடுத்த வங்கியிடமே முறையிடலாம். வங்கி, அந்தப் பணத்தை விமானக் கம்பெனியின் வங்கியிடமிருந்து பிடுங்கித் தரும். நான் ஒளித்துச் செய்த காரியம்தான் இப்போது உதவிக்கு நின்றது. அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அதுக்காக உன்ன மெச்சுவேன்னு நெனைக்காத" என்றார். ஆனால் அன்றைக்கு எனக்கும் சேர்த்து வடை வாங்கினார்.

டிக்கெட், ரத்து அறிவிப்பு, கார்டு பில், எல்லாவற்றையும் இணைத்து அனுப்பினேன். 'தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை கேட்டேன். அதே வரி, அதே முற்றுப்புள்ளி. ராஜபாளையம் கிளைக்கு நேரில் போனேன். "இது மும்பைல பாக்குற வேலம்மா" என்று அங்கிருந்தவர் பாவமாகச் சொன்னார். கஸ்டமர் கேரில் எனக்குக் கிடைத்த ஆள் ஒவ்வொருவரிடமும் பிரசவக் கதையை முதலிலிருந்து சொன்னேன். ஒரு பெண் மட்டும், "குழந்தை நல்லா இருக்கா மேடம்?" என்று கேட்டாள்.

கூமாப்பட்டிக்காரர் பத்து நாளில் வயலுக்குத் தண்ணீர் கட்ட ஊர் திரும்பிவிட்டார். அந்த அம்மா அங்கேயே தங்கிவிட்டார். வாராவாரம் எனக்குக் கூமாப்பட்டிக்காரரிடமிருந்து போன் வரும்.

"பணம் ஏதும் வந்துட்டா தாயி?"

"இன்னும் இல்ல அண்ணாச்சி."

"சரி, வரும்போது வருது. இன்னைக்கு ரசம் வச்சேன்."

"எப்படி இருந்துச்சு?"

"ரசம் மாதிரி இல்ல. ஆனா சூடா இருந்துச்சு."

இப்படிப் போகும் பேச்சு. புளி எம்புட்டு, உப்பு எப்பப் போட, நேற்று மிஞ்சின சோற்றை என்ன செய்ய. பணம் என்பது போனைத் தொடங்குவதற்கு ஒரு சாக்கு என்று இரண்டாம் மாதத்தில்தான் எனக்கு உறைத்தது. அதற்கப்புறம் நானும் அவர் போன் வரும் நேரத்துக்குக் கடையில் வேலையைக் குறைத்து வைத்துக்கொண்டேன்.

நான்காம் மாதம் ஒரு நாள், பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும்போது குறுஞ்செய்தி வந்தது. முழுத்தொகையும் என் கார்டுக்குத் திரும்பியிருந்தது. கூடவே இன்னொன்று: கொடுத்த பாயிண்டுகளை எடுத்துக்கொண்டார்கள். தண்ணி பாட்டில் போயிற்று. அக்காவிடம் காட்டினேன். "போ, கையில கொண்டுபோய்க் குடுத்துட்டு வா" என்று அரை நாள் லீவு கொடுத்தார். வாலட் டிக்கெட்டுகளின் பணம் இன்றுவரை வரவில்லை. அந்த மூன்று பேருக்கும் அக்கா கைப்பணத்தைத்தான் கொடுத்தார்.

வத்திராயிருப்பு வரை ஒரு பஸ், அங்கிருந்து ஒன்று. கூமாப்பட்டிக்காரர் மெலிந்திருந்தார். பணத்தை வாங்கி எண்ணாமலே மடியில் வைத்தார். வைத்த கை அங்கேயே நின்றது. திரும்ப எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"இதுலயே டிக்கெட்டு போடு தாயி, கொறையுறத நா தாரேன். எனக்குப் போக ஒண்ணு. வர மூணு. நா, அவ, மக. மருமகனுக்கு லீவு இல்ல."

"ரயில்லயா அண்ணாச்சி?"

"பிளேன்ல. தெரு பூராச் சொல்லி வச்சா, பிளேன்ல போறேன்னு. இப்ப அவ போன்ல அதச் சொல்றதே இல்ல."

அங்கேயே, தென்னை மரத்துக்குக் கீழே சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று போட்டேன். மடியில் வரும் கைக்குழந்தைக்கும் ஒரு வரி உண்டு. அதில் பெயர் கேட்டது.

"பாப்பா பேரு என்ன அண்ணாச்சி?"

"பேரு இன்னும் வைக்கல. கொலசாமி கோயில்ல மொட்ட போடும்போதுதான் வைப்போம்."

"பேரு இல்லாம டிக்கெட் விழாது."

"மடியில வர்ற பிள்ளைக்கு எதுக்குப் பேரு?"

காலியாக இருந்த பெயர்க் கட்டத்தைக் காட்டினேன். அவர் தன் போனில் அகமதாபாத்தைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"பேரு கேக்காக," என்றார்.

"யாரு கேக்கா?" என்றது அந்த அம்மாவின் குரல்.

"பிளேன்காரன் கேக்கான். நீயும் வர்ற. மூணு டிக்கெட்டு."

அந்தப் பக்கம் ஒரே நேரத்தில் பல குரல்கள். மருமகன் ஒரு பெயர் சொன்னார். சம்பந்தி வீட்டில் ஏற்கெனவே ஒன்று குறித்து வைத்திருக்கிறார்கள் என்றார். கூமாப்பட்டிக்காரர் தன் அம்மா பெயரை இழுத்தார். என் போனில் டிக்கெட் பக்கம், நேரம் முடியப் போகிறது என்று கடிகாரம் காட்டியது. நான் அதையும் சொன்னேன்.

"எல்லாரும் செத்த நேரம் சும்மா இருங்க," என்றார் அந்த அம்மா. "ஒத்தையில கெடந்து பெத்தவ அவ. அங்கன நாம யாரு இருந்தோம்? அவ சொல்றதுதான் பேரு. நீ சொல்லுட்டி."

மகள் குரலை நான் அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். அவள் முதலில் அழுதாள், அப்புறம் சொன்னாள். அவர்கள் யாரும் சொன்ன பெயர் இல்லை அது. ஓர் எழுத்துகூடப் பிசகாமல் அடித்தேன். கூமாப்பட்டிக்காரர் அந்தப் பெயரை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு போனை மூடிவிட்டு, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"சன்னலோரம் இருக்கா தாயி? தெரு பூராச் சொன்னாளே, அவளுக்கு?"

இருந்தது. போட்டேன்.