அம்மா ரயிலான நாள்

எங்கள் சின்ன ரயில் பாதையை மூடி முப்பது வருஷம் ஆகிறது. தண்டவாளத்தைப் பிடுங்கி எடைக்குப் போட்டுவிட்டார்கள். பாதை இருந்த இடத்தில் இப்போது தார் ரோடு. அதில் நானே லாரி ஓட்டிப் போகிறேன். ஒரு வளைவு வரும். அதை ஒட்டித்தான் எங்கள் வீடு இருந்தது. அப்பா அந்தப் பாதையில் என்ஜின் டிரைவர். ஆனால் நான் எழுத வந்தது அம்மாவைப் பற்றி. அப்பாவைப் பற்றி எழுதினால் பாதிக்கு மேல் பொய்யாக இருக்கும். அவர் கதையைச் சொன்னது அவராயிற்றே.

ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே இரண்டு வண்டி வந்து முட்டாமல் இருக்க ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷனுக்குப் போக ஒரு இரும்பு உருண்டை வேண்டும். டோக்கன் என்பார்கள். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு சமயத்தில் ஒரே ஒரு டோக்கன்தான் வெளியே இருக்கும். அதைத் தோல் பையில் போட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் கட்டி நீட்டுவார்கள். வண்டி ஊர்ந்து போகும்போதே டிரைவர் வளையத்துக்குள் கையை விட்டு வாங்கிக்கொள்வார். டோக்கன் இல்லாமல் எந்தக் கொம்பனும் வண்டியை எடுக்க முடியாது.

அப்பா காலை ஐந்து மணிக்கு என்ஜினில் ஏறினால் மாலை நாலு மணிக்குத்தான் இறங்குவார். நடுவில் சாப்பிடுவதற்கென்று ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. கல்யாணமான முதல் வாரமே அம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். ஸ்டேஷனில் கழித்துப் போட்ட பழைய வளையம் ஒன்றைப் பையோடு கேட்டு வாங்கிவரச் சொன்னாள். அதில் சாப்பாட்டுத் தூக்கை வைத்துக்கொண்டு வளைவில் போய்க் கையை உயர்த்தி நிற்பாள். அப்பா டோக்கன் வாங்குகிற மாதிரியே சாப்பாட்டை வாங்கிக்கொள்வார். திரும்பி வரும்போது காலித் தூக்கோடு வளையம் அவள் காலடியில் வந்து விழும். இரண்டு வளையமும் மாறிவிடக்கூடாது என்று சாப்பாட்டு வளையத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைத்திருந்தாள்.

நாலு வருஷம் இப்படியே ஓடியது. ஒரு நாள் அந்தத் துணி அழுக்காகிவிட்டதென்று துவைத்துக் கொடியில் போட்டாள்.

அன்று மத்தியானம் வளையம் வந்து விழுந்தது. தூக்கைக் கழுவலாம் என்று பைக்குள் கையை விட்டவளுக்கு இரும்பு உருண்டை தட்டுப்பட்டது. இரண்டு மாதம் முன்னால்தான், நேரத்துக்கு முன்பே வண்டியை எடுத்துவிட்டார் என்று அப்பாவுக்குக் கடிதம் வந்திருந்தது. இன்னொரு தப்பு நடந்தால் வேலை போய்விடும் என்று அதில் எழுதியிருந்தார்கள்.

கதவைக்கூடச் சாத்தாமல், வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு தண்டவாளத்திலேயே ஓடினாள். ஸ்டேஷன் நாலு மைல்.

அரை மைலில் பாதை பழுது பார்க்கிற ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர்களுடைய மேஸ்திரிக்கு ஊதல் என்று பட்டப்பேர். வாயைத் திறந்தால் அப்படி ஒரு சத்தம்.

"என்ன அண்ணி, வீட்ல சண்டையா? ரயில்வே சொத்தையே தூக்கிட்டுக் கெளம்பிட்டீங்க?"

"விளையாடாதீங்க தம்பி. உங்க அண்ணன் டோக்கனை என்கிட்ட போட்டுட்டுப் போயிட்டாரு."

ஊதலுக்குச் சிரிப்பு போய்விட்டது. "டேய், ட்ராலியைத் தூக்கித் தண்டவாளத்துல வைங்கடா!" என்று கத்தினார். நாலு சக்கரத்தில் பலகை போட்ட தள்ளுவண்டி அது.

"எதிர்ல ரயில் வந்துட்டா?" என்று அம்மா தயங்கினாள்.

"எப்படி வரும்? டோக்கன் உங்க கையிலதானே இருக்கு. இப்ப இந்த லைனுக்கு ரயிலே நீங்கதான். ஏறுங்க அண்ணி!"

அங்கே ஸ்டேஷனில் அப்பா வளையத்தை நீட்ட, ஸ்டேஷன் மாஸ்டர் கையை விட்டுத் தூக்கை வெளியே எடுத்தாராம். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. தூக்கைத் திறந்து பார்த்துவிட்டு, "இதை வெச்சு நான் எந்த வண்டிய அனுப்பட்டும்?" என்று கேட்டார். அப்பா என்ஜின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எதிர்ப்பக்கம் போக வேண்டிய வண்டி காத்துக் கிடந்தது. "டிரைவர் பாத்திரம் கழுவி முடிச்சாதான் வண்டி கெளம்புமாம்" என்று இறங்கி நின்ற ஒருவர் சொல்ல, பிளாட்பாரமே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து ட்ராலி வந்தது. நாலு பேர் வேர்த்து ஒழுகத் தள்ளிக்கொண்டு வர, வளையத்தைக் கட்டிப் பிடித்தபடி அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தாள். இறங்கி நேரே மாஸ்டரிடம் போனாள்.

"தப்பு என்னோடது சார். துணியத் துவைச்சது நான்தான். அவர் மேல எழுதாதீங்க."

"நடந்ததை எழுதாம இருக்க முடியாதும்மா."

"அப்ப முழுசா எழுதுங்க. அஞ்சு மணிலேர்ந்து நாலு மணி வரைக்கும் ஒரு மனுஷன் எப்ப சாப்பிடுவான்? அதையும் எழுதுங்க."

மாஸ்டர் டோக்கனை அடுத்த டிரைவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டு உள்ளே போய் எழுத உட்கார்ந்தார். அப்பாவின் தப்பை ஒரு வார்த்தை குறைக்காமல் எழுதினார். சாப்பிட நேரம் இல்லாததையும் எழுதினார். அதோடு நிறுத்தாமல், "சாப்பாட்டு வளையம் எனக்கு நாலு வருஷமாகத் தெரியும், நான் தடுக்கவில்லை" என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவரை யாரும் கேட்கவில்லை. அதற்காக அவருக்கும் மேலிடத்திலிருந்து ஒரு கண்டனக் கடிதம் வந்தது. அந்த மனுஷனை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றிருப்பேன். எனக்குப் பேச வராது.

அடுத்த வாரம் தீர்ப்பு வந்தது. வேலை போகவில்லை. பதினைந்து நாள் வீட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். புது கால அட்டவணையில் அந்த ஸ்டேஷனில் வண்டி பத்து நிமிஷம் நிற்கவும் வைத்தார்கள். பாதையை மூடுகிறவரை அது இருந்தது. அப்பா பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். "உக்காந்து தின்னாத்தான்டி உப்பு கம்மின்னு தெரியுது" என்று முதல் நாளே வந்து சொன்னாராம்.

அந்தப் பதினைந்து நாளும் வீட்டில் ஒரே சண்டை என்று இருவருமே சத்தியம் செய்வார்கள்.

"துணியத் துவைக்கலேன்னா குடியா முழுகிடும்?"

"துவைக்காம விட்டா நாறுதும்பீங்க. கண்ணை எங்க வெச்சிருந்தீங்க?"

இதை நான் முழுசாக நம்புவதில்லை. நாலு வருஷமாகப் பிள்ளை இல்லாத வீடு அது. அந்தத் தண்டனை முடிந்து சரியாகப் பத்தாம் மாதம் நான் பிறந்தேன். தண்டனை கொடுத்த அதிகாரி யாரோ, அவரும் அவர் பிள்ளைகுட்டிகளும் நன்றாக இருக்கட்டும்.