ஊசிநூலின் பெயர்

லிஃப்ட் ரிப்பேர்காரருக்கு வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். அவருக்கும் சேர்த்துப் பேசியவள் அவர் மனைவி. ஆஸ்பத்திரிச் சீருடைகள் தைப்பது அவள் வேலை. மதியச் சாப்பாடு முடிந்து, போனில் முகம் தெரியாதவர்களோடு போட்டி போட்டு வண்ணக் கட்டங்களை நகர்த்தி ஆடும் விளையாட்டில் உட்கார்ந்தால், வீடு பற்றி எரிந்தாலும் தெரியாது. அங்கே அவள் பெயர் 'ஊசிநூல்'.

முடக்குவாதத்தில் விரல்கள் மடங்கிப் போன பிறகும் ஆடினாள். எதிராளிக்கு நெட் போய்த் தனக்கு வெற்றி வந்துவிட்டால், திரும்ப அழைத்து அடுத்த ஆட்டத்தில் வேண்டுமென்றே தோற்பாள்.

“கெடச்சத யாராவது திருப்பிக் குடுப்பாங்களா?” என்று இவர் சிரிப்பார்.

“நான் ஜெயிக்காதது எனக்கெதுக்கு?”

காய்ச்சலென்று படுத்தவள் எழுந்திருக்கவேயில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் போன பிறகு இவர் அவள் போனைத் திறந்தார். ஆடாமல் இருப்பவர்களின் பெயர் தரவரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போகும். ஊசிநூல் இறங்கிக்கொண்டிருந்தாள். அடக்கத்தின்போதுகூட அழாத மனிதர், அதைப் பார்த்து உடைந்து போனார்.

தானே ஆடிப் பார்த்தார். தோற்றுத் தோற்று அவளை இன்னும் கீழே தள்ளியதுதான் மிச்சம். ஆளில்லாமல் மேலும் கீழும் போய்வரும் பெட்டிகளோடு காலம் தள்ளியவர் அல்லவா? ஆளில்லாமல் ஆடும் ஒரு புரோகிராமைத் தேடிப் பிடித்து அவள் போனில் ஏற்றினார். 'யார் சோத்துல மண்ணப் போட்டோம்? பேர் அங்க இருந்தா போதும்' என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டார்.

ஊசிநூல் மளமளவென்று ஏறினாள், உயிரோடு இருந்தபோது எட்டாத இடத்துக்கும் மேலே. இவருக்கு உச்சி குளிர்ந்தது.

மனைவியோடு தினமும் ஆடுபவள் ஒருத்தி இருந்தாள், 'மழைக்குருவி' என்ற பெயரில். எங்கோ வெளியூர்க்காரி. நேரில் பார்த்ததில்லை. அவளிடமிருந்து செய்தி வந்தது.

“அக்கா, கை சரியாயிடுச்சா? என்னா வேகம்! தோத்தாலும் சந்தோஷமா இருக்கு.”

இவர் என்னத்தை எழுதுவது? பேசாமல் இருந்துவிட்டார். பாவி மனுஷன், அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அடுத்தடுத்து வந்தவற்றுக்கும் பதில் போடவில்லை.

“எம்மேல கோவமா அக்கா?”

“நெட் போய்த்தான் தோத்தேன். ஏன் திருப்பி ஆடக் கூப்பிடல? நீங்க எங்க அக்காதானா?”

அக்காவின் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்து, கம்பெனிக்குப் புகார் கொடுத்தாள். அவர்கள் ஆட்டங்களைச் சோதித்து, ஆடுவது மிஷின் என்று கண்டு கணக்கை முடக்கினார்கள். ஊசிநூல் பெயருக்கு எதிரே, எல்லாரும் பார்க்க, 'மோசடி' என்று சிவப்பில் போட்டார்கள்.

இவர் புதுக் கணக்கு தொடங்கி மழைக்குருவிக்கு எழுதினார். “அவ ஏமாத்தலம்மா. அவ போயிட்டா. நாந்தான் மிஷின ஆட விட்டேன்.”

பதில் வந்தது.

“கை சரியாயிடுச்சேன்னு தெனமும் சந்தோஷப்பட்டேனே அண்ணா. எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அழக்கூட விடலியே என்னை.”

இருந்தும் அவரோடு சேர்ந்து அவளும் கம்பெனிக்கு எழுதினாள். வருந்துகிறோம், ஆடியது மிஷின் என்பது உண்மைதானே, 'மோசடி' என்ற அடையாளத்தை நீக்க வழியில்லை என்று பதில் வந்தது.

முடக்கிய கணக்குகள் தரவரிசையில் நகராது, இருந்த இடத்திலேயே நிற்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவர் போனைத் திறந்து பார்க்கிறார். ஊசிநூல், பக்கத்தில் அந்தச் சிவப்பு எழுத்து. அவள் பெயர் இனி ஒருநாளும் கீழே இறங்காது. அதற்குத்தானே அவர் ஆசைப்பட்டார்.