தாலிக்கு முன் ஒன்பது விநாடி

கிளிநொச்சியில் நான் வேலை செய்த கணினி நிலையத்தில் ஒருவருக்கு அரை மணிநேரம்தான். சமாதான காலம் அது. ஜெனரேட்டர் பகலில் மட்டும் ஓடும். கனடாவில் நடந்த மகனின் கலியாண வீடியோவைப் பார்க்க ஸ்கந்தபுரத்திலிருந்து ஒரு அம்மா, தன் மச்சாளுடன் வந்தார். மகன் அனுப்பிய கோப்பைப் பெரிய கணினியில் ஏற்றி, கேபிள் வழியாக அடுத்த அறைத் திரைக்கு விட்டு, மவுஸுடன் அவர்கள் பக்கத்தில் இருந்தேன்.

மூன்று மணிநேர வீடியோ. தாலி கட்டு ஒரு மணிநேரத்துக்குப் பிறகு. திரையின் நேரக்கோட்டை மவுஸால் அந்த இடத்துக்கு இழுத்தால் படம் நேரே சாப்பாட்டுப் பந்திக்குப் பாய்ந்தது. மூன்று தரம் இழுத்தேன். மூன்று தரமும் அதே ஆள் அதே வடையைக் கடித்தார்.

"தாலியைக் காணேல்லை," என்றார் மச்சாள். "உன்ர மோன் கட்டினவனோ, இல்லாட்டி நேரே பந்தியில குந்தினவனோ?"

"சும்மா இரு. மெசின் பிழை," என்ற அம்மா என்னைப் பார்த்தார். "அப்பிடித்தானே, பிள்ளை?"

"ஓம் அம்மா. நாளைக்கு வாங்கோ."

பின்னேரம் சந்தேகங்களைத் தாளில் எழுதி ஒவ்வொன்றாக வெட்டினேன். கேபிளா? இல்லை, பெரிய கணினியிலேயே அதே பாய்ச்சல். மென்பொருளா? வேறு வீடியோக்கள் ஒழுங்காக நகர்ந்தன. எஞ்சியது கோப்பு. எந்த நிமிடம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை ஒன்று கோப்புக்குள் இருக்கும். இதில் முதல் இருபது நிமிடமும் பந்தியும் மட்டுமே பதிந்திருந்தன. முழுக்கோப்பையும் வாசித்து அந்த அட்டவணையைப் புதிதாக எழுதக் கணினியை விட்டேன்.

மறுநாள் அம்மா மச்சாளுக்கு முன்பே வந்துவிட்டார். இழுத்தேன். விட்ட இடத்தில் படம் நின்றது. மணவறை, புகை. கமரா மெல்ல இடப்பக்கம் திரும்பியது. ஒரு மேசை, இரண்டு படங்கள், இரண்டுக்கும் மாலை. ஒன்று இறந்துபோன அவருடைய கணவர். மற்றது, என் பக்கத்துக் கதிரையில் இருந்தவர்.



"எனக்கேன் மாலை?" என்றார் அம்மா. "நான் இருக்கிறன் எல்லே, பிள்ளை?"

ஒன்பது விநாடி. பிறகு மேளம், தாலி. அவர் அதைப் பார்த்தாரோ தெரியாது.

இரண்டு நேரங்களைத் தாளில் குறித்தேன்: படங்கள் வருவது, தாலி ஏறுவது. "இப்ப எங்க வேணுமெண்டாலும் நிப்பாட்டலாம் அம்மா. மச்சாள் வந்தா அந்த ரெண்டு படத்தையும் தாண்டி விடுறன்."

தலையாட்டினார்.

மச்சாள் வந்ததும் இரண்டாவது நேரத்துக்கு இழுத்தேன். மூன்று முடிச்சும் தெளிவாக விழுந்தன.

"ஓம், கட்டித்தான் இருக்கிறான்." மச்சாள் அத்துடன் விடவில்லை. "எண்டாலும், பெத்தவளின்ர ஒரு படத்தைக்கூட அங்க வைக்கேல்லையே?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"பின்னுக்கு இழு, பிள்ளை."

நான் அசையவில்லை.

"இழு எண்டுறன்."

முதல் நேரத்துக்கு இழுத்தேன். மச்சாளின் கை வாயைப் பொத்தியது.

"வைச்சிருக்கிறான்," என்றார் அம்மா. "பாத்தியோ?"