முந்தானைக்குள் மறைத்த சாட்சி

எங்கள் குமரிப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த காலம். நான் வக்கீலான புதிது. குளச்சல் பக்கம் முந்திரி ஆலையிலிருந்து நீக்கப்பட்ட தங்கம்மைக்காகத் தொழில் தீர்ப்பாயத்தில் ஆஜரானேன். ஊரில் ‘அண்டி’ என்று சொல்லும் முந்திரிக்கொட்டையை உடைத்து உடைத்து, அதன் எண்ணெய் பட்டு அவர் விரல்கள் கறுத்திருந்தன. கோர்ட்டுக்கு அழகில்லையென்று, “கைய முந்தானைக்குள்ள வச்சுக்கிடுங்க அக்கா” என்றேன்.

“இவள் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை” என்றார் ஆலை மேலாளர். வருகைப் பதிவேட்டிலும் பெயர் இல்லை. நான் என் காகிதக்கட்டைப் புரட்டத் தொடங்கினேன்.

தங்கம்மை கைகளை வெளியே நீட்டினார். “வக்கீல் சாரு மறைக்கச் சொன்னாவ. இது அண்டி தல்லுன கறையாக்கும், எசமானே. எங்க ஊருல வேற ஆலை உண்டுமா, கேளுங்க.”

நீதிபதி கேட்டார். “வேறு ஆலை இல்லை” என்று ஒப்புக்கொண்டார் மேலாளர். வேலை திரும்பக் கிடைத்தது.

வழக்கின் ஒரே சாட்சியை ஒளிக்கச் சொன்ன வக்கீல் நான். இன்று யார் வந்தாலும், காகிதம் கேட்பதற்கு முன் கைகளைப் பார்க்கிறேன்.