தம்பியைத் தேடும் ஸ்கேன்

மூன்றாம் மாத ஸ்கேனுக்கு என்னோடு வந்தது அம்மாதான். என் வீட்டுக்காரருக்கு மைன்ஸில் அன்று முதல் ஷிப்ட். குவார்ட்டர்ஸை விட்டுக் கிளம்பும்போதே அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"குடும்பத்துல யாருக்காச்சும் இருந்துச்சான்னு கேப்பாங்க. இல்லன்னு சொல்லிடு. போனவனப் பத்திப் பேசிக்கினு இருக்காத."

போனவன் என் தம்பி. அவனுக்கு இருந்ததன் பேர் டவுன் சிண்ட்ரோம் என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். ஷிப்ட் பஸ்ஸிலிருந்து ஹெல்மெட்டோடு யார் இறங்கினாலும் "அப்பா" என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வான். அவர்களும் சளைக்காமல் "என்னடா மவனே" என்று அவனை வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். சிலர் வறுத்த மல்லாட்டையை உரித்துக் கடலையை அவன் சட்டைப்பையில் திணிப்பார்கள். அம்மாவுக்கு மானம் போகும். எங்கள் அப்பா கடைசி ஆளாக இறங்கிச் சிரித்துக்கொண்டே வருவார்.

பிறவியிலேயே பழுதான தம்பியின் இதயம், பத்தொன்பது வயதில் நின்றுபோனது. எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதும் அம்மா அவன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டாள். கட்டிக்கப் போகிறவரிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அதற்கே அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

வயிற்றில் ஜெல்லைத் தடவிக்கொண்டே டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார்.

"அதெல்லாம் யாரும் இல்லீங்க," என்று அம்மா முந்திக்கொண்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் தம்பிக்கு இருந்துச்சுங்க டாக்டர்."

டாக்டர் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். தம்பிக்கு இருந்தது இதற்கும் இருக்குமா என்று கணிக்க, கருவின் கழுத்துக்குப் பின்னால் உள்ள நீரின் தடிமனை அளக்க வேண்டும். குழந்தையோ முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தது. கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொன்னார்.

வராந்தாவில் நடந்தேன். பிள்ளை நல்லபடியாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். ஆனால் அந்தக் கருவி உள்ளே தேடுவது என் தம்பியை அல்லவா? அவன் அகப்படாவிட்டால் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கோ அவனை ஒரே ஒரு தரம் பார்த்தால் போதும் என்றிருந்தது.

திரும்பிப் போய்த் திரையில் பார்த்தால் குழந்தை புரண்டிருந்தது. டாக்டர் அளந்தார், மூக்கெலும்பைப் பார்த்தார். "இதுல எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ரத்த டெஸ்ட்டையும் பாத்துடலாம். பயப்படாதீங்க," என்றார்.

வெளியே வந்தோம். அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. ஆட்டோவில் ஏறிய பிறகு மெதுவாக என் கையைப் பிடித்தாள்.

"எனக்குத்தான் கண்ணு சரியாத் தெரியல. நீ பாத்தியேடி, கொஞ்சங்கூடவா அவன் சாடை இல்ல?"